நீலக் கதிரை

டோஸ்ட்ருப்
12.06.2025

அன்புள்ள ஜோனாசின் அப்பாவுக்கு,

நானும் மகனும் சுகம். நீங்களும் உங்கள் பெரியக்காவும் சுகமாயிருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன்.

ரெலிபோனில் கதைத்தால் மூன்றாவது நிமிடமே சண்டையில் போய் நிற்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். கலியாணத்துக்கு முதல் இரண்டு வருடம் நீங்கள் டென்மார்க்கிலிருந்தும் நான் மன்னாரிலிருந்தும் எழுதிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சண்டையும் வரவில்லை. தபாலில் போடலாம் என்றால், தெருமுனையில் நின்ற சிவப்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குரல் செய்தி வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எழுத்தைப் பார்த்தால் வருவதில்லை.

அத்தானின் முப்பத்தோராம் நாள் பூசை நல்லபடியாக முடிந்ததாக அக்கா சொன்னா. செத்தவீட்டுக்கென்று கனடாவுக்குப் போனவர் முப்பத்தொன்று முடிந்ததும் வருவார் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஃபக்டரி மூடியபிறகு உங்களை வேலையில் தேட ஆளில்லை, அது உண்மைதான். ஆனால் வீட்டில் தேட ஒருத்தி இருக்கிறேன்.

ஒக்ரோபர் நாலாம் திகதி எங்களுக்கு இருபத்தைந்து வருடம். நீங்கள் மறந்தாலும் பக்கத்து வீட்டு கியர்ஸ்ரன் மறக்கவில்லை. ஊசியிலைக் கொப்புகளால் வாசலில் வளைவு கட்டி, நடுவில் வெள்ளிக் கடதாசியில் 25 என்று ஒட்டி, காலை ஏழு மணிக்கு எல்லாரும் வந்து நின்று பாடப்போகிறார்களாம். நாங்கள் இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு இப்படிக் கட்டியபோது நீங்கள்தான் ஏணி பிடித்தீர்கள். வீட்டுக்கு வந்து, "எங்களுக்கு ஆர் கட்டப் போகினம்" என்று கேட்டீர்கள். இப்போது கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னர் வந்து சேருங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ராணி


ஸ்காபுறோ
04.07.2025

அன்பின் ராணிக்கு,

உமது கடிதம் கண்டேன். உம்முடைய கையெழுத்து இன்னும் வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. அக்கா பரவாயில்லை. இரவில் அழுகிறா, பகலில் சமைக்கிறா. தனியே விட்டுவிட்டு வரும் அளவுக்கு இன்னும் தேறவில்லை.

உமக்கு ஒரு புதினம் எழுதவேண்டும். சிரிக்கக்கூடாது. என்னோடு படித்த ஆனந்தராஜா இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவனுடைய பேஸ்மென்ரில் பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடி ரொறன்ரோ அணியின் பேஸ்போல் பார்ப்பார்கள். போன வருடம் தங்கள் பிரிவில் இருக்கும் ஐந்து அணிகளில் கடைசியாக வந்த அணி அது. நான் மே மாதம் வந்த நேரமும் வென்றதைவிடத் தோற்றதுதான் கூட. முதல்நாள் எனக்கு இருக்க இடமில்லை. வளவில் கிடந்த நீல பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் துடைத்துத் தந்தார்கள். அன்றைக்கு வென்றார்கள். அடுத்தநாள் நான் போகவில்லை, தோற்றார்கள். பிறகு போனேன், வென்றார்கள். தேவராசா என்றொருவன் கொப்பி வைத்து எழுதத் தொடங்கிவிட்டான். நான் அந்தக் கதிரையில் இருந்த இருபத்தாறு ஆட்டத்தில் இருபத்தொன்று வெற்றி.

இப்போது காரில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நான் வாசலில் தலையைக் காட்டினால், "ராசிக்காரன் வந்திட்டான், இனிப் பயமில்லை" என்கிறார்கள். இந்தக் கிழமை நியூயோர்க் அணியை நாலுநாள் தொடர்ந்து வென்று, நேற்று முதலாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனந்தராஜா என்னைக் கட்டிப்பிடித்தான். ஐம்பத்தைந்து வயதில் ஒருவன் கட்டிப்பிடித்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நல்லாக இருந்தது.

செப்ரெம்பர் கடைசியில் இந்த ஆட்டங்கள் முடிகின்றன. நாலாம் திகதிக்கு முதல் அங்கே நிற்பேன். மாதா மேல் ஆணை.

அன்புடன்,
கிறிஸ்துநாயகம்


டோஸ்ட்ருப்
27.07.2025

அன்புள்ள ஜோனாசின் அப்பாவுக்கு,

சிரிக்கக்கூடாது என்று எழுதினீர்கள். சிரித்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்தேன். என்னோடு வேலை செய்கிற தர்ஷனா என்ன விசயம் என்று கேட்டாள். "எங்கட வீட்டுக்காரருக்கு ராசி வந்திட்டுதாம்" என்றேன். அவளும் சிரித்தாள். எட்டு மாதத்தில் மூடிய பலசரக்குக் கடை, சங்கத் தேர்தலில் விழுந்த நாலு வாக்கு, நீங்கள் வாங்கிய மற்றக் கிழமையே நின்றுபோன கார், எல்லாம் ஞாபகம் வந்தது. பாவம் அந்த அணி, ஆரை நம்பியிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பேஸ்போல் என்றால் என்னவென்று ஜோனாசைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் விளையாடுகிற ரூண்ட்போல் மாதிரித்தான், ஆனால் முடியவே முடியாது என்றான்.

கியர்ஸ்ரன் வளைவுக்கு அளவெடுத்துக்கொண்டு போனாள். நீங்கள் உயரம் என்பதால் ஒரு சாண் கூட்டிக் கட்டச் சொன்னேன். எனக்கு நாவல் நிறத்தில் சேலை எடுத்திருக்கிறேன். உங்களுடைய கோட் இடுப்பில் பிடிக்குமோ தெரியாது, அங்கே பேஸ்மென்ரில் இருந்து வடை சாப்பிடுகிற ஆள். ரிக்கெற் போட்டுவிட்டு இலக்கத்தை எழுதுங்கள்.

உங்கள்,
ராணி


ஸ்காபுறோ
17.08.2025

ராணிக்கு,

உம்முடைய கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று கிழமை எடுத்தது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

இரண்டாயிரத்துப் பதினேழு மார்ச் மாதம் உமக்கு ஞாபகமிருக்கிறதா? ஜோனாசின் ஹாண்ட்போல் இறுதியாட்டம். மண்டபத்து வாசலில் காரை நிற்பாட்டினேன். மகன் முன்னாலே இறங்கி ஓடிவிட்டான். நான் இறங்கக் கதவைத் திறந்தபோது நீர் என் கையைப் பிடித்துச் சொன்னீர்: "நீங்க உள்ள வராதேங்கோ. நீங்க வந்த நாலு ஆட்டமும் பிள்ளையள் தோத்தவங்கள்."

நான் காரிலேயே இருந்தேன். இரண்டு மணித்தியாலம். வென்ற சத்தம் வெளியே கேட்டது. எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. யாராவது வந்து கூப்பிடுவீர்கள் என்று கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். குளிர் உள்ளே வந்தது, ஒருவரும் வரவில்லை. கோப்பையோடு பிள்ளைகளும் எல்லாத் தாய் தகப்பன்மாரும் நிற்கிற அந்தப் படத்தை நீர் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினீர். உமக்கு அது மகனின் படம். எனக்கு அது நான் இல்லாத படம். எட்டு வருடமாக அதற்குக் கீழே இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

இங்கே நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனால்கூட, "கிறிஸ்து, இரடா, இரடா" என்று ஏழுபேர் மன்றாடுகிறார்கள். என்னை ஒருவர் இரு என்று சொல்லி எத்தனை வருடம். நீரும் தர்ஷனாவும் இன்னும் சிரியுங்கள்.

கிறிஸ்துநாயகம்


டோஸ்ட்ருப்
31.08.2025

அன்புள்ள ஜோனாசின் அப்பா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், நான் அதை மறந்தே போனேன். உங்களை உள்ளே வரவேண்டாம் என்று சொன்னதும் மறந்துவிட்டது, பிறகு வந்து கூப்பிடாததும் மறந்துவிட்டது. அதுதான் எனக்குக் கூடுதலாக வெட்கமாக இருக்கிறது. நான் செய்தது பிழை. மன்னியுங்கள்.

ஆனால் நீங்களும் எட்டு வருடம் வாய் திறக்கவில்லை. ராசியில்லாதவன் என்று உங்களை நீங்களேதான் சபையில் சொல்லிச் சிரிப்பீர்கள். கடை மூடிய கதையை என்னைவிட நீங்கள்தான் நல்லாகச் சொல்வீர்கள். சிரிக்கிற ஆளுக்கு நோகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்களை ராசியில்லாதவர் என்று நான் சொன்னது பிழை என்றால், ராசிக்காரர் என்று அவர்கள் சொல்வதும் அதே பிழைதான். பந்து அடிக்கிறவனுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் எந்தக் கதிரையில் இருந்தாலும் அவன் அடிப்பான், அல்லது அடிக்கமாட்டான். இங்கே கதவடியில் நீங்கள் நிற்பதும் நிற்காததும் அப்படி இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு இரவும் செபமாலையில் அந்த அணி தோற்கவேண்டும் என்று கேட்கிறேன். பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமி என்ன விளையாட்டு என்று கேட்டார், தண்டனை ஒன்றும் தரவில்லை.

வாருங்கள். நீங்கள் வந்து உங்கள் கையாலேயே அந்தப் படத்தைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் வளைவுக்குக் கீழே நாங்கள் இரண்டுபேரும் நிற்கிற படத்தை மாட்டுவோம்.

உங்கள்,
ராணி


ஸ்காபுறோ
25.09.2025

என் அன்பு ராணிக்கு,

உமது கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்பு என்ற சொல் உம்முடைய கையெழுத்தில் நான் காண்பது இதுதான் முதல்தரம். மனது லேசாகிவிட்டது.

ரிக்கெற் போட்டுவிட்டேன். முப்பதாம் திகதி இரவு ஏறி, முதலாம் திகதி கஸ்ட்றுப் விமான நிலையத்தில் இறங்குகிறேன். பெரியக்காவும் போகச் சொல்லிவிட்டா.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். அணி அடுத்த கட்டத்துக்கு எப்படியும் போகும், அது முடிவாகிவிட்டது. பிரிவில் முதலாவதாக வருமா இரண்டாவதாக வருமா என்பதுதான் இனிக் கேள்வி. முதலாவதாக வந்தால் ஆரம்பச் சுற்று விளையாடத் தேவையில்லை, நேரே நாலாம் திகதி இங்கே ரொறன்ரோ மைதானத்தில்தான் ஆட்டம். அப்படி வந்தால் எல்லாரும் சேர்ந்து ரிக்கெற் எடுத்து என்னை மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போவதாக ஆனந்தராஜா சபதம் போட்டிருக்கிறான். நான் இன்னும் அந்த மைதானத்தின் படியைக்கூட மிதிக்கவில்லை.

நீர் பயப்படவேண்டாம். அது நடக்காது. போன கிழமை ஒருநாள் இருபது ஓட்டம் கொடுத்துத் தோற்றார்கள். நேற்றும் முந்தநாளும் தோல்வி. நியூயோர்க் அணி சமமாக வந்துவிட்டது, இன்னும் நாலு ஆட்டம்தான் இருக்கிறது. உம்முடைய செபமாலை வேலை செய்கிறது.

கோட் இடுப்பில் பிடிக்காது. பொத்தான் போடாமலே வளைவுக்குக் கீழே நிற்பேன்.

உம்முடைய,
கிறிஸ்து


ஸ்காபுறோ
29.09.2025

அன்பு ராணி,

நீர் இதற்குள் ஜோனாசிடம் கேட்டு அறிந்திருப்பீர். கடைசி நாலு ஆட்டத்தையும் வென்றுவிட்டார்கள். இரண்டு அணிக்கும் தொண்ணூற்று நாலு வெற்றி. தங்களுக்குள் விளையாடியதில் ரொறன்ரோ கூட வென்றதால் முதலாம் இடம் எங்களுக்கு. நேற்று அந்த பேஸ்மென்ரில் தேவராசா தன் கொப்பியைக் கும்பிட்டான். ஆனந்தராஜா அழுதான். போன வருடம் கடைசியாக வந்த அணி.

ராணி, நான் கேட்கப்போவது உமக்கு விளங்கும். நான் வரவில்லை என்று சொல்லவில்லை. ரிக்கெற்றைப் பின்னுக்குத் தள்ளிப் போடுகிறேன். என் வாழ்க்கையில் ஒருமுறைகூட நான் இருந்த பக்கம் வென்றதில்லை. அதை அறிந்த ஒரே ஆள் நீர்தான். நாலாம் திகதி அந்த மைதானத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள். இப்போது நான் எழும்பிப் போய்த் தோற்றார்களென்றால், இந்த மனிதர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

கொண்டாட்டத்தை ஒரு கிழமை தள்ளிவைக்கலாம் என்று கியர்ஸ்ரனிடம் சொல்லும். இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு நான் வீடியோவில் வந்து நிற்கிறேன். இங்கே அப்போது இரவு ஒரு மணி, பரவாயில்லை, முழித்திருப்பேன். ஜோனாசை ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு உமக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லும். இருபத்தைந்து வருடம் பொறுத்தீர். இன்னும் கொஞ்சம்.

உம்முடைய,
கிறிஸ்து


டோஸ்ட்ருப்
05.10.2025

ஜோனாசின் அப்பாவுக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் வேறு ஆரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

நீங்கள் வரவில்லை என்று கியர்ஸ்ரனிடம் நான் சொல்லவில்லை. இரண்டுதரம் அவள் வீட்டு மணியை அடிக்கப் போய்த் திரும்பி வந்தேன். கடைசி நேரத்தில் வந்து இறங்குவீர்கள் என்று நினைத்தேன். உங்களைத் தெரிந்த பிறகும் அப்படி நினைத்தது என்னுடைய மடைத்தனம்.

ஏழு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. நாவல் சேலையோடு கதவைத் திறந்தேன். இருபது பேர் இருக்கும், கையில் கொடிகளோடு. வளைவு ஒரு சாண் கூடுதல் உயரமாய் இருந்தது. ஜோனாஸ் என் பின்னால் நின்று ரெலிபோனில் உங்களுக்கு அடித்துக்கொண்டேயிருந்தான். நீங்கள் எடுக்கவில்லை. அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதும் கதவுக்குள்ளே பார்ப்பதுமாகப் பாடினார்கள். நீளமான பாட்டு. ஒருவரும் இடையில் நிற்பாட்டவில்லை.

முடிந்ததும் கியர்ஸ்ரன், "கிறிஸ் எங்கே?" என்று கேட்டாள். வேலைக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். உங்களுக்கு ஒன்பது மாதமாக வேலையில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்போது ஜோனாஸ் டெனிஷில் சொன்னான்: "அப்பா கனடாவில் பேஸ்போல் பார்க்கிறார்." அவன் பகிடி விடுகிறான் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களைப் பற்றி நீங்கள் சிரிக்கிறபோது எப்படி இருந்திருக்கும் என்று நேற்றுத்தான் அறிந்தேன்.

பிறகு உள்ளே வந்து பாண் சாப்பிட்டு, அந்தக் கசப்புச் சாராயத்தைச் சின்னக் கிளாசில் குடித்தார்கள். உங்களுக்கு என்று ஒன்றை ஊற்றி மேசையில் வைத்தாள் கியர்ஸ்ரன். அதை நான் குடித்தேன். பின்னேரப் பூசையில் சுவாமி எங்கள் இரண்டு பேரின் பெயரையும் வாசித்தார்.

அடுத்தநாள் மைதானத்துக்குப் போகவேண்டும் என்று நேரத்தோடு படுத்துவிட்டேன், மணி வைக்க மறந்துவிட்டேன் என்று பிறகு அனுப்பியிருந்தீர்கள். பத்துக்கு ஒன்று என்று வென்றார்களாம். நல்லது.

விமலராணி


ஸ்காபுறோ
02.11.2025

என் அன்பு ராணிக்கு,

நாலு கிழமையாக நான் அனுப்பிய எதற்கும் நீர் பதில் எழுதவில்லை. இதையாவது வாசியும்.

எல்லாம் முடிந்துவிட்டது. உலகக் கோப்பைக்கான ஏழாவது ஆட்டம், கடைசி ஆட்டம். ஒன்பதாம் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு. இன்னும் இரண்டே இரண்டு பேரை வெளியேற்றினால் போதும். பேஸ்மென்ரில் அந்த நீலக் கதிரையை விட்டு நான் எழும்பினேன். சத்தியமாக உமக்கு அடிக்கத்தான் எழும்பினேன். வென்றுவிட்டோம் என்று முதலில் உமக்குச் சொல்லவேண்டும் என்றுதான் ரெலிபோனை எடுத்தேன். அந்த நிமிடம் மற்ற அணிக்காரன் தூக்கி அடித்தான், சமமாகிவிட்டது. பிறகு ஒரு ஓட்டத்தால் தோற்றோம்.

தேவராசா கொப்பியை மூடினான். "உவன் எழும்பினதாலதான்" என்றான். நான் ஆனந்தராஜாவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல், "கிறிஸ்து, நீ போய்ப் படு" என்றான். என்னை ஏற்றிக்கொண்டு போக ஆரும் கார்ச் சாவியை எடுக்கவில்லை. நடந்து வந்தேன். இன்று காலை பூசைக்குப் போகும்போது பார்த்தேன், அந்த நீலக் கதிரை குப்பை வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது.

நீர் சொன்னது சரி. ராசி என்று ஒன்று இல்லை. ஐந்தாம் திகதியோடு என் ஆறுமாத அனுமதியும் முடிகிறது. அன்று காலை கஸ்ட்றுப்பில் இறங்குகிறேன். வளைவை இன்னும் கழற்றாவிட்டால் அப்படியே விடும். நாங்கள் இரண்டுபேரும் அதற்குக் கீழே நிற்போம். எனக்கு இனி உம்மைவிட்டால் ஒருவருமில்லை.

உம்முடைய,
கிறிஸ்து


டோஸ்ட்ருப்
03.11.2025

திரு. கிறிஸ்துநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த மனிதர்கள் உங்களுக்குச் செய்தது அநியாயம். அன்றைக்கு மண்டபத்து வாசலில் நான் உங்களுக்குச் செய்ததும் அதே அநியாயம்தான். அதற்காக எழுதிக்கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுக்கமாட்டேன். அந்தப் படத்தையும் நேற்றுக் கழற்றிவிட்டேன். உங்கள் கைக்காகக் காத்திருக்கவில்லை.

ஒன்று உங்களுக்குத் தெரியவேண்டும். கோடைகாலம் முழுக்க அந்த அணி தோற்கவேண்டும் என்று மன்றாடினேன். சனிக்கிழமை பின்னேரம் மட்டும், அவர்கள் வெல்லவேண்டும் என்று செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொன்னேன். வென்றிருந்தால், அந்த ஏழுபேரும் உங்களைத் தோளில் தூக்கிவைத்திருக்கும்போது, அதை விட்டு இறங்கி இங்கே வருகிறீர்களா என்று பார்த்திருப்பேன். வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன், என்ன நடந்திருந்தாலும் திறந்திருப்பேன். அதை அறிகிற வாய்ப்பும் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது அவர்களும் துரத்திவிட்டார்கள், கனடாவும் போகச் சொல்கிறது, நீங்கள் வருகிறீர்கள். என்னைவிட்டால் ஒருவருமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவரும் இல்லாதபோது வந்து நிற்கிற இடமாக நான் இருபத்தைந்து வருடம் இருந்திருக்கிறேன். இனி இருக்க விருப்பமில்லை.

வளைவைப் போன கிழமையே கழற்றிவிட்டோம். ஊசியிலை எல்லாம் காய்ந்து கொட்டி, கதவு திறக்கும்போதெல்லாம் வீட்டுக்குள்ளே வந்தது. இன்னும் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதன்கிழமை ஜோனாஸ் கஸ்ட்றுப்பில் நிற்பான். இஷொயில் தன் வீட்டில் உங்களுக்கு ஒரு அறை ஒழுங்குபண்ணியிருக்கிறான். உங்கள் உடுப்புகளும், மருந்துகளும், பொத்தான் போடமுடியாத அந்தக் கோட்டும் அங்கே போய்விட்டன. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஜக்கெற்றைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

விமலராணி